ஜெய்னுரா அல்மாத்திக்குப் போகிறாளாம்

"ஜெய்னுரா அக்காவுக்குக் கிடைச்ச பதவி உங்களுக்கு ஏன் கிடைக்கல?" என்று கேட்டாள் நூலக வாசலில் கோட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் புருல், சைரகுலின் கோட்டை வாங்கிக் கொக்கியில் மாட்டியபடி.

சைரகுலுக்கு வயிறு எரிந்தது. கிர்கிஸ்தானின் ஓஷ் நகரப் பல்கலைக்கழக நூலகத்தில் இருவரும் இருபது வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மேசை. பொய்ச் செய்திகளையும் தீவிரவாதத் துண்டுப்பிரசுரங்களையும் ஆராயும் பேராசிரியர் எசென்பெக், தன் குழுவில் ஜெய்னுராவை மட்டும் ஆய்வுக் கூட்டாளியாகச் சேர்த்துவிட்டார். கழுத்தில் புது அடையாள அட்டை வேறு!

"அவ எங்க நிலைக்கப் போறா? கசாக்ஸ்தான் பக்கம், அல்மாத்திக்குப் போனாலும் போயிடுவா," என்றாள்.

பத்து மணிக்கு ஒரு மாணவி வந்தாள். "ஜெய்னுரா அக்காவுக்கு அல்மாத்தியில கல்யாணமாமே?"

மதியம் உணவகத்தில் பேச்சு முற்றியிருந்தது. "வேலையை விட்டே தூக்கிட்டாங்களாம். தீவிரவாதப் புத்தகம் ஒளிச்சு வெச்சிருந்தாளாம்!"

சைரகுல் கடித்த இறைச்சிச் சம்சாவை அப்படியே தட்டில் வைத்தாள். இப்படி ஒரு பேச்சு போதும், வீட்டு வாசலில் போலீஸ் கார் வந்து நிற்க.

"ஐயோ, அதெல்லாம் இல்லை. புத்தகங்களைச் சும்மா சரிபார்க்கிறாங்க," என்றாள்.

"யாரு, போலீஸா?"

அரை மணியில் டீன் தொலைபேசியில் கத்தினார். பதறிய சைரகுல் வாசலில் அறிவிப்பு ஒட்டினாள்: 'இங்கே தடைசெய்யப்பட்ட புத்தகங்கள் இல்லை.' நூலகப் பக்கமே தலைவைத்துப் படுக்காத பையன்களெல்லாம் வந்து படம் பிடித்தார்கள். "எந்த அலமாரிங்க?"

எசென்பெக் ஓடி வந்தார். "இது எங்க ஆரம்பிச்சுதுன்னு உடனே தெரியணும்!"

"சைரகுல் கண்டுபிடிப்பா," என்றாள் ஜெய்னுரா.

மறுக்க வழியில்லை. யார் யாரிடம், எத்தனை மணிக்கு, எந்த வார்த்தையில் சொன்னார்கள் என்று சைரகுல் ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்தாள். கைபேசிகளை வாங்கிப் பார்த்தாள். பாதியில் பயம்கூட மறந்து போனது. மூன்று மணிக்குள் முழு வரிசையும் தாளில். கல்யாணம் எங்கே தீவிரவாதப் புத்தகமாக மாறியது என்பதுவரை இருந்தது. அதைப் படித்ததும் டீன் அடங்கினார்.

உச்சியில் 'புருல்' என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் பேனா நகரவில்லை.

"பிரமாதம்! நாளையிலிருந்து நீங்களும் குழுவுல," என்றார் எசென்பெக். சைரகுல் ஓரக்கண்ணால் ஜெய்னுராவின் அட்டையைப் பார்த்தாள். இனி அவள் மட்டும் இல்லை!

மாலையில் கோட்டு வாங்கப் போனவள் குரலைத் தாழ்த்தினாள். "புருல், காலையில நான் சொன்னதை மட்டும் ஜெய்னுராகிட்ட சொல்லிடாதே, கண்ணு."

"மத்தியானமே சொல்லிட்டேனேக்கா! 'அவளையும் சேத்துக்கங்கன்னு நான் கெஞ்சியும் பேராசிரியர் அவ திறமையை நம்பல. இந்தப் பேச்சு எங்க ஆரம்பிச்சுதுன்னு அவளையே தேட வெச்சா நம்புவாரு'ன்னு ஜெய்னுரா அக்கா சிரிச்சாங்க."