தொடாத நீலப் பொத்தான்

இன்னொரு முறை மாட்டினால் ஊர்க்கோடிக் கிடங்குக்கு மாற்றல். ஸ்டோர் அக்காவின் கையில் அன்று காலை திணிக்கப்பட்ட கடிதம் அவ்வளவுதான் சொன்னது.

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைக் காவல் காக்கும் பூட்டு சார், மாதம் ஒரு போலி மெயில் அனுப்பி எல்லோரையும் சோதிப்பார். அதிலிருக்கும் நீலப் பொத்தானை அழுத்தினால் தோல்வி. இலவசக் குடைக்காக ஒரு முறை, 'இது உங்கள் போட்டோவா?' என்றதற்கு ஒரு முறை, அக்கா அழுத்தித் தொலைத்திருந்தாள். கிடங்குக்குப் போனால், பள்ளி விட்டு நேரே ஸ்டோருக்கு ஓடிவரும் தன் இரட்டைப் பெண்களை யார் பார்த்துக்கொள்வது?

"இனிமே எந்த மெயிலையும் திறந்தா ஏன்னு கேளு!" என்று தனக்குத்தானே சபதம் போட்டாள் அக்கா.

மூன்றே நாளில் ஆபரேஷன் தியேட்டரில் கையுறை தீர்ந்தது. கேட்டு வந்த ஒன்பது மெயிலும் திறக்காமல் கிடந்தன. பெரிய டாக்டரே கழுவிய கைகளைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி வந்துவிட்டார்.

பூட்டு சார் பதறினார். "திறக்கவே கூடாதுன்னு யாரு சொன்னாக்கா? சந்தேகம்னா அனுப்பினவருக்கே போன் பண்ணிக் கேளுங்க."

கேட்டாள். ஒருவரையும் விடாமல் கேட்டாள்.

"மேனேஜர் சார், நாப்பது விரிப்பு கேட்டது நீங்களா?"

"ஆமாம்மா. மீட்டிங்ல இருக்கேன்."

"குரலை யாரு வேணா மாத்திப் பேசலாம் சார். நேத்து ஸ்டோர்ல ரகசியமா என்ன வாங்கிட்டுப் போனீங்க?"

மறுமுனையில் கனைப்பு. "...உட்கார்ந்துக்க ஒரு தலையணை."

"அப்ப நீங்கதான் சார்!"

ஸ்பீக்கரில் கேட்ட மீட்டிங் மொத்தமும் சிரித்தது. மேனேஜர் பூட்டு சாரைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார்.

வேறொருவராக இருந்தால் அக்காவின் மேல் பாய்ந்திருப்பார். பூட்டு சார் கையுறைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "தப்பு என் மேலக்கா. பயமுறுத்தினேன், சொல்லித் தரலை. எல்லாத்தையும் சந்தேகப்பட வேண்டாம். அவசரப்படுத்துற மெயிலை மட்டும் நம்பாதீங்க. கேட்டும் உறுதியாகலைன்னா தொடாதீங்க. அவ்வளவுதான்."

இரண்டு மதியம் கூடவே இருந்து காட்டிக் கொடுத்தார். மகராசன், நல்லா இருக்கணும் என்று அக்கா மனதார வாழ்த்தினாள். இந்த மனுஷருக்கு எப்படியாவது ஒரு நன்றி சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. 'பூட்டு சாருக்கு நன்றி சொல்லும் கூட்டம். இன்று மூன்று மணி, மாடி ஹால். வருகிறவர்கள் உடனே அழுத்தவும்.'

விரல் தானாகவே போனது. 'உடனே' என்பதைப் பார்த்ததும் நின்றது. பூட்டு சாருக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மேனேஜரும் எடுக்கவில்லை. மனதைக் கல்லாக்கிக்கொண்டு அழித்தாள்.

மூன்று மணிக்கு வராந்தாவில் திமுதிமுவென்று கூட்டம். எல்லோரும் மாடிக்குப் போனார்கள்.

"அக்கா, வரலையா? பெரிய டாக்டரே போயாச்சு!" என்றாள் நர்ஸ்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரே நன்றி சொல்லப் போகிறது, உதவி வாங்கிய தான் மட்டும் அழைப்பை அழித்துவிட்டோமே! ஸ்டோருக்கு வாங்கி வைத்திருந்த புதுப் பூட்டை, வேறொன்றும் அகப்படாததால், பரிசாக எடுத்துக்கொண்டு மாடியேறினாள். ஹால் கதவு சாத்தியிருந்தது. வாட்ச்மேன் கையிலிருந்த பட்டியலை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க பேரு இதுல இல்லையேக்கா."

"தெரியும்ணா. அழுத்தாம விட்டுட்டேன். நன்றி கெட்டவள்னு நினைச்சுக்கப் போறார். ஒரே நிமிஷம், பார்த்துச் சொல்லிட்டு வந்துடறேன்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உள்ள நன்றியும் இல்லை, கூட்டமும் இல்லைக்கா, அந்தப் போலி மெயிலை அழுத்தின மேனேஜர், டாக்டர் எல்லாரையும் உட்கார வெச்சு சார் பாடம் எடுத்துட்டிருக்கார், அழுத்தாத ஒரே ஆள் வந்தா, தன் சார்பா நன்றி சொல்லச் சொன்னார்."