ஓட்டை நைனாவின் நான்கு விண்ணப்பங்கள்

எழுபதுகளின் மதராஸில் கம்ப்யூட்டரை உரிமையோடு அதட்டக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஓட்டை நைனாதான். மற்றவர்களெல்லாம் அதன் குளிர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக நின்றவர்கள்.

அந்த நாளில் கம்ப்யூட்டருக்கு ஒரு வேலை சொல்ல வேண்டுமென்றால் அட்டை அட்டையாக ஓட்டை போட்டு ஊட்ட வேண்டும். எங்கள் அடையாறு கம்பெனியில் ஓட்டை போடுபவர் அவர். சிந்தாதிரிப்பேட்டைக்காரர்; படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. மானேஜர் தவிர, மெஷின் உட்பட எல்லோரும் அவருக்கு ‘நைனா’. எங்கெங்கே ஓட்டை விழ வேண்டும் என்று எழுதித் தருபவர் புரோகிராமர், பட்டதாரி. அவர் எழுத்திலிருக்கும் தப்பையெல்லாம் திருத்திவிட்டுத்தான் நம்மவர் அட்டையையே தொடுவார்.

“இன்னா நைனா, இப்படி எழுதினா மெஷின் ஒரே எடத்துல சுத்திக்கினே கெடக்கும். செக்குமாடா அது?”

புரோகிராமர்கள் அவரிடம் தொழில் கற்றுக்கொண்டு அமெரிக்கா போனார்கள், வருஷத்துக்கு ஒருவராக. நாங்களும் வருஷத்துக்கு ஒரு விளம்பரம் கொடுத்தோம். எழுதியவன் அடியேன், பர்சனல் பிரிவு குமாஸ்தா. முதல் விளம்பரத்திலேயே ‘முதல் வகுப்புப் பட்டம், ஐந்தாண்டு அனுபவம்’ என்று கேட்டிருந்தேன். எங்களுக்கு மெஷின் வந்தே இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

நைனாவும் வருஷம் தவறாமல் விண்ணப்பம் போடுவார். அந்தப் புரோகிராமர் நாற்காலியில் ஒரு நாளாவது உட்கார்ந்துவிட வேண்டும் அவருக்கு. முதல் பக்கத்தில் பட்டம் இல்லையென்று கண்டதும் நான் ‘நிராகரிக்கப்பட்டது’ முத்திரையைக் குத்திவிடுவேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்புவது என் சுறுசுறுப்புக்கு இழுக்கு.

நான்காம் வருஷம், வந்தவர்களுக்குப் பரீட்சை வைத்தோம். கேள்வித்தாள் போட்டவர் நைனா. வேறு யாருக்குத் தெரியும்? திருத்தியவரும் அவரே. கருணையாகத்தான் மார்க் போட்டிருந்தார். அப்படியும் ஒருவர்கூடத் தேறவில்லை.

“மெட்ராஸ்ல ஆளே கிடையாதாய்யா?” என்று மானேஜர் மேஜையைத் தட்டினார்.

விடைத்தாள் கட்டோடு நின்ற நைனா மெதுவாகச் சொன்னார்: “நான் கீறேனே, சார்.”

“நீரே கேள்வி போட்டு, நீரே பதில் எழுதி, நீரே மார்க்கும் போட்டுக்குவீரோ?”

எல்லோரும் சிரித்தோம். நைனாவும் கூடச் சிரித்தார். அதிக நேரம் சிரித்தவன் நான்தான்.

மறு மாதம் ராஜினாமா கொடுத்தார்.

“மச்சானோட வெறகுக்கடைல ஒக்காரப் போறேன் நைனா. அங்கயும் ஒரு நாற்காலி கீது. டிகிரி கேக்க மாட்டான்.”

அவருடைய கோப்பை மூடிக் கட்டும்போதுதான் அந்த நான்கு விண்ணப்பங்களையும் முதன்முறையாகத் திருப்பினேன். இரண்டாம் பக்கத்தில், ‘உம்மை நன்கு அறிந்த ஒருவர்’ என்ற இடத்தில், நான்கிலும் என் பெயர் இருந்தது.