நூல் கேட்டோம், நூல் வந்தது

அன்புள்ள மருமகனுக்கு,

உன் அப்பாவின் அக்கா, அதாவது உன் ஒரே அத்தை, எழுதிக்கொண்டது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளைகள், நிதித் துறையில் உன் நாற்காலி எல்லாம் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கொம்போ காலோ எங்காவது விட்டுப் போயிருந்தால் நீயே போட்டுப் படித்துக்கொள். நேரில் வந்து சொல்லலாம்தான். ஆனால் நீ புது வீட்டுக்குக் குடிபோன அன்று எல்லோரும் வாசலில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டீர்கள். நான் உள்ளே உங்களுக்கெல்லாம் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தில் பூந்தொட்டி இருக்கிறது, பக்கத்து வீட்டு நாய் இருக்கிறது, நான் இல்லை. இனி உன் வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான். அதனால் தபாலில் போடுகிறேன்.

விஷயம் என்னவென்றால், என் பேத்தி படிக்கிற அரசுப் பள்ளியின் நூலகம். அங்கே நூலகராக ஓர் அம்மாள் இருந்தார், பிள்ளைகள் வைத்த பெயர் கண்ணாடி டீச்சர். பேத்தி அந்தப் பள்ளியில் சேர்ந்த புதிதில் யாரோடும் வாய் திறக்க மாட்டாள். அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் ஒரு தவளைக் கதையை அவள் கையில் வைத்தார். அன்று சாயங்காலம் வீடு முழுக்கத் தவளைச் சத்தம். அதற்குப் பிறகு வாரம் ஒரு புத்தகம் வரும், அவள் படிப்பாள், நான் கேட்பேன், நடுவில் நானும் எழுத்துக்கூட்டுவேன். போன வருஷம் கண்ணாடி டீச்சர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை, புதுப் புத்தகமும் வரவில்லை, சாவி டிரில் மாஸ்டர் இடுப்புக்குப் போனது. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கதைப் புத்தகம் கேட்டதற்கு, "செவப்பு அட்டை புடிக்குமா? இந்தா" என்று சட்டப் புத்தகத்தைக் கொடுத்தாராம் புண்ணியவான். பிறகு அதுவும் நின்று, உடைந்த பெஞ்சுகளை உள்ளே அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். நாங்கள் படித்துக்கொண்டிருந்த கதையில் படகுக்காரப் பெண் நடுக்கடலில் ஒரு பாறை மேல் நிற்கிறாள், தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது, இரண்டாம் பாகம் முடிந்தது. மூன்றாம் பாகம் அந்த அறைக்குள். அவளோடு சேர்ந்து நானும் இன்னும் பாறையில்தான் நிற்கிறேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு மகளுக்குப் பதிலாக நான் போனேன். அவளால் தையல் கடையை விட்டு நகர முடியாது. தலைமையாசிரியை, "நாங்க என்ன பண்றது பாட்டி? மேலேர்ந்து பணமும் வரல, ஆளும் வரல" என்றார். சரி, மேலேயே கேட்போம் என்று மனு எழுத உட்கார்ந்தோம். அவர் 'நூலகம்' என்று ஆரம்பித்தார். "அப்படி எழுதினா கட்டடம் கேக்கறோம்னு நெனச்சு இடத்தை அளக்க வருவாங்க. நூல் வேணும்னு பச்சையா எழுதுங்க டீச்சர்" என்றேன். 'எங்கள் பள்ளிக்குத் தரமான நூலும் அதைப் பராமரிக்க ஓர் ஆளும் வேண்டும்' என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் தலைமைச் செயலகத்துக்கு அனுப்பினோம். இதில் என் தப்பு எதுவும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மழைக்காலம் முடிந்து ஒரு வண்டி வந்தது. பிள்ளைகள் கைதட்டின. இறக்கினால் மூட்டை மூட்டையாக வெள்ளை நூல்! தைக்கிற நூல், நெய்கிற நூல். கூடவே கைத்தறித் துறையிலிருந்து ஒரு தாள்: கேட்டபடி தரமான நூல் அனுப்பியிருக்கிறோம், பள்ளியில் எத்தனை தறி ஓடுகிறது என்று பார்க்க அலுவலர் வருவார்.

வந்தார், கழுத்துவரை பொத்தான் போட்ட மனுஷர். "தறி எங்கம்மா?" என்றார். தலைமையாசிரியைக்குக் காலையிலிருந்து தலைவலி. "தறி இல்ல சார். தறிகெட்டதுங்கதான் நெறைய இருக்கு. ஒவ்வொரு வகுப்பா காட்டட்டுமா?" என்றார். அவர் சிரிக்கவில்லை. நான் குறுக்கே புகுந்து, "நாங்க கேட்டது படிக்கிற நூலு சார்" என்றேன். "அப்ப புத்தகம்னு எழுத வேண்டியதுதானே?" "ஸ்கூல்ல இருந்து நூல் கேட்டா எந்த நூலுன்னு உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்குமா தெரியல?" மனுஷர் கையிலிருந்த தாளை மறுபடி எடுத்துப் படித்தார். விடுவேனா? டிரில் மாஸ்டரைக் கூப்பிட்டு அந்த அறையைத் திறக்க வைத்தேன். பெஞ்சுகளுக்குப் பின்னால் புத்தகங்கள் முதுகு கிழிந்து கிடந்தன. பார்க்கப் பொறுக்கவில்லை. மகளுக்குச் சொல்லி அனுப்பினேன், அவள் ஊசிகளோடும் நாலைந்து அம்மாக்களோடும் வந்தாள். வந்த நூல் மூட்டையைப் பிரித்து, அங்கேயே உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தோம். அலுவலர் ஒரு புத்தகத்தை எடுத்துத் தையலை இழுத்துப் பார்த்து, "எங்க நூலு, அறாது" என்றார். பிறகு முதல் பக்கத்தைப் பார்த்தார். பிறகு அடுத்த பக்கம். பெஞ்சில் உட்கார்ந்தவர்தான், கொடுத்த தேநீரில் ஆடை படிந்துவிட்டது. கிளம்பும்போது தயங்கித் தயங்கி, "இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சிட்டுத் தரட்டுமா?" என்றார். தலைமையாசிரியை, "எழுதி வச்சுக் குடுக்க ஆள் இல்ல சார். அதத்தான் கேட்டோம்" என்றார். அன்றைக்கு முதன்முதலாக அந்த மனுஷர் சிரித்தார். மனுவைக் கல்வித் துறைக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் பாகத்தை நானும் தேடினேன். இரண்டாம் பாகமே மூன்று கிடைத்தது. கண்ணாடி டீச்சராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தந்திருப்பார். அடுப்பை வாங்கி வைத்துவிட்டுச் சமைக்க ஆள் வைக்காத வீட்டில் பிள்ளைக்குப் பசி ஆறுமா, நீயே சொல்.

கேள். அந்த அலுவலர் சொன்ன சொல் தவறாமல் மனுவைக் கல்வித் துறைக்கு மாற்றி, அவர்கள் சரி என்று எழுதி, இப்போது கோப்பு உன் மேசையில் இருப்பதாகத் தலைமையாசிரியைக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை கூட்டத்தில் நீதான் அதை எடுத்து வைக்க வேண்டுமாம். போன தடவை வேறு பள்ளிக்கு 'நிதிநிலை இடங்கொடுக்கவில்லை' என்று எழுதிய கை உன்னுடையது என்றும் கேள்விப்பட்டேன். இந்த மாதத்துக்குள் ஆள் போடாவிட்டால் அந்த அறை கல்வி அலுவலகத்தின் பழைய கோப்புகளுக்குக் கிடங்காகப் போகிறது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கதை சொன்னால்தான் சாப்பிட வாயைத் திறப்பாய். பாதியில் நிறுத்தினால் என் வயிற்றில் உதைப்பாய். அப்போதெல்லாம் அத்தையின் நிதிநிலை இடங்கொடுத்ததா என்று நீ கேட்டாயா? இப்போது மதிய இடைவேளையில் அம்மாக்கள் முறை வைத்து அறையைத் திறக்கிறோம். பிள்ளைகள் வாசல் வரைக்கும் வரிசையாக நிற்கிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு முழங்கால் வலிகூட மறந்துபோகிறது. ஆனால் அம்மாக்களுக்கும் பிழைப்பு இருக்கிறதே, எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஓர் ஆள், வருஷா வருஷம் கொஞ்சம் புத்தகம். எங்கள் பள்ளிக்கு மட்டும் இல்லை, பூட்டிக் கிடக்கிற எல்லாப் பள்ளிக்கும். நீ செய்வாய். உதைத்த கால் உன்னுடையதுதானே, மறந்திருக்காது.

உன் பேனாவில் மை வற்றாமல் இருக்கட்டும், அது 'சரி' என்றே எழுதிப் பழகட்டும், உன் பிள்ளைகளுக்குப் பாதியில் நிற்காத கதைகளாகக் கிடைக்கட்டும். எல்லோருக்கும் என் ஆசீர்வாதம், அந்த நாய்க்கும்.

இப்படிக்கு,
படத்தில் இல்லாத அத்தை

பின்குறிப்பு, உறையின் பின்பக்கத்தில்: உறையை ஒட்டிய பிறகு யோசித்தேன். ஒரு மனுவைத் தபாலில் போட்டதற்குத் தறி பார்க்க ஆள் வந்தார். இதைப் போட்டால், 'வற்றாமல்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கிணறு தோண்ட ஆள் வந்தாலும் வரும். அதனால் நானே கொண்டு வந்துவிட்டேன். தலைமையாசிரியை, கண்ணாடி டீச்சர், ஊசி பிடித்த அம்மாக்கள் எல்லோரும் கூட இருக்கிறார்கள். கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படிக்குக் கீழே நிற்கிறோம். படியை மிதிக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன், தாண்ட மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் முழங்கால் ஒத்துழைக்காது, நீதான் வந்து கையைப் பிடிக்க வேண்டும். படித்தது போதும், கதவைத் திற. வரும்போது கேமராவையும் எடுத்துக்கொண்டு வா.