மொட்டை மாடிக்கு வந்த பெண் வீட்டார்

அடுத்தவன் குளித்த தண்ணீருக்காக உயிரையே விடக்கூடிய மனிதர் கோயமுத்தூர் ஜில்லாவில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் லாட்ஜில் இருந்தார். நாம் தலையில் முதல் சொம்பை ஊற்றும்போதே குளியலறைக் கதவு தட்டப்படும்.

"தம்பி, சோப்புப் போட்டுட்டீங்களா?"

"இப்பத்தானுங்ணா போடப் போறேன்."

"போட்டுறாதீங்க சாமி! அரப்புத்தூள் கொண்டாந்து வெச்சிருக்கறேன். கதவக் கொஞ்சூண்டு தொறந்து கைய மட்டும் நீட்டுங்க."

சோப்பு நுரை பட்டால் செடி முகம் சுளிக்குமாம். அதனால் நாங்கள் முகம் சுளித்துக்கொண்டு அரப்புத் தேய்த்துக் குளித்தோம். தொண்ணூறுகளில் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த லாட்ஜில் அத்தனை பேரும் கல்யாணமாகாத ஆண்கள். எவனுக்கும் பொடுகு கிடையாது. காரணம் சாக்கண்ணன்.

சொந்தப் பெயர் ஏதோ இருந்திருக்க வேண்டும். லாட்ஜ் மேனேஜருக்கு மட்டும்தான் அது தெரியும், அவரும் மறந்துவிட்டார். மோட்டார் கம்பெனி ஒன்றில் ஸ்டோரில் வேலை. சாயங்காலம் சைக்கிளில் திரும்பும்போது பின்னால் ஒரு மூட்டை இருக்கும். கட்டட வேலை நடக்கும் இடமெல்லாம் நின்று, காலியான சிமெண்ட் சாக்குகளைக் கேட்டு வாங்கி வருவார். அதில் மண்ணை நிரப்பி மொட்டை மாடியில் வரிசையாக நிறுத்தி, கத்தரி, மிளகாய், தக்காளி, கீரை, ஒரு பந்தலில் பாகல் என்று ஒரு தோட்டமே போட்டிருந்தார். குளியலறைகளும் அதே மாடியில் ஓர் ஓரமாக இருந்தன. பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி வாய்க்கால் செய்து, நாங்கள் குளித்த தண்ணீர் நேரே செடிக்குப் போகும்படி ஏற்பாடு செய்திருந்தார். பைசா செலவில்லாத பாசனம்.

உரம்கூட விலைக்கு வாங்க மாட்டார். முக்குப் பேக்கரியில் டீ வடித்த தூள் அவருக்காகத் தனி டப்பாவில் காத்திருக்கும். டீ மாஸ்டர் ஒருநாள் மறந்து அதைக் கொட்டிவிட்டார் என்று இரண்டு வாரம் அந்தக் கடையில் டீ குடிக்காமல் இருந்தார். இஸ்திரி வண்டிக்காரர் சாம்பலைக் கொடுத்துவிட வேண்டும். மெஸ்காரர் முட்டை ஓட்டைக் கொடுத்துவிட வேண்டும். சீப்பில் சிக்கிய முடியைக்கூட நாங்கள் ஒளித்துவைக்க முடியாது.

என் திருப்பூர் பனியன் ஒன்று கொடியிலிருந்து காணாமல் போனது. இரண்டு நாள் கழித்து, நீள நீளமாகக் கிழிக்கப்பட்டு, தக்காளிச் செடிகளையும் பாகல் கொடியையும் குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்த நிலையில் கண்டுபிடித்தேன்.

"அண்ணா, இது என்னோட பனியனுங்ணா!"

"பழசுன்னு நெனச்சுப்போட்டனுங்க தம்பி. ஓட்டை இருந்துச்சே?"

"அது கை நுழைக்கிற ஓட்டைங்ணா!"

அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். மறுநாள் என் தட்டில் கத்தரிக்காய் வதக்கல் வந்தது. அவருடைய மன்னிப்பெல்லாம் காய்கறியாகத்தான் வரும். நான் கோபித்துக்கொள்ள வேறு பனியன் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

இப்படிப்பட்ட மனிதருக்கு நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா இல்லை. சத்தியமங்கலத்தில் ஓர் அக்கா மட்டும். அந்த அக்கா பார்த்த வரன்களை எல்லாம் இவரே கெடுத்துக்கொண்டார். ஒருமுறை துடியலூரில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனார். பெண் காபி கொண்டு வந்தபோது மாப்பிள்ளையைக் காணோம். எல்லோரும் தேடினால், கொல்லையில் பெண்ணின் தாத்தாவை நிறுத்திவைத்து, "இந்தச் சாக்கடைத் தண்ணிய ஒரு கோடு இழுத்து அக்கட்டால உட்டீங்கன்னா ரெண்டு வாழை வெக்கலாமுங்களே" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பெண்ணைப் பார்க்கப் போய்ச் சாக்கடையைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு எவர் பெண் கொடுப்பார்?

கடைசியாகத் தொண்டாமுத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் தையல் வேலை செய்பவர். அவருடைய அப்பா குத்தகை நிலத்தில் காய்கறி போடுகிறவர். இந்த முறை சாக்கண்ணன் பெண்ணைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு வந்தவர் மூன்று நாள் எந்தக் குளியலறைக் கதவையும் தட்டவில்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

"அண்ணா, புடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டான் லேத் செல்வராஜ். பட்டறையில் லேத் ஓட்டுகிறவன், என் அறைத் தோழன்.

"எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குதுங்க தம்பி. ஞாயித்துக்கெழம அவிங்க மாப்பிள்ளை ஊடு பாக்க வாராங்க. அவிங்களுக்கும் புடிக்கோணும்."

மாப்பிள்ளை வீடு பார்க்க வருவது எங்கள் பக்கம் சாமானியச் சடங்கு இல்லை. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, கட்டுத்தறியில் மாடு எத்தனை என்று கண்ணாலேயே அளந்துவிட்டுப் போவார்கள். சாக்கண்ணனிடம் இருந்ததோ ஒரு கட்டில் அறையும் சாக்குகளும்.

"அக்கா ஊட்டக் காட்டீருங்க அண்ணா" என்றேன்.

"அது அக்கா ஊடு. நான் எங்க குடியிருக்கறனோ அதத்தானுங்க காட்டோணும்."

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. பங்குனி வெயிலில் அந்த வாரம் பார்த்து லாட்ஜுக்குத் தண்ணீர் வரவில்லை. போர்வெல் குழாயில் காற்றுதான் வந்தது. தண்ணீர் இல்லாததால் நாங்கள் குளிக்கவில்லை. நாங்கள் குளிக்காததால் தோட்டம் குளிக்கவில்லை. சனிக்கிழமை பார்த்தால் பாகல் கொடி துணி மாதிரி துவண்டு கிடந்தது. பிஞ்சுகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. சாக்கண்ணன் ஒவ்வொரு சாக்காகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார். அவர் பேசாமல் நின்று நாங்கள் பார்த்ததே இல்லை.

செல்வராஜுக்கு அதைத் தாங்க முடியவில்லை. ஞாயிறு விடிந்ததும், அண்ணன் பெண் வீட்டாரை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போன நேரத்தில், மார்க்கெட்டிலிருந்து ஒரு பை நிறையக் காய்கறியோடு மூச்சு வாங்க மாடி ஏறினான். கையில் மோட்டாருக்கு வைண்டிங் கட்டும் செப்புக் கம்பி.

"வெரசா வாங்க. எல்லாத்தையும் செடியில கட்டீரலாம்!"

நானும் மேனேஜரும் சேர்ந்துகொண்டோம். மூவரும் ஆளுக்கொரு வரிசையாக, கத்தரிச் செடியில் கத்தரிக்காயும் தக்காளிச் செடியில் தக்காளியும் கட்டினோம். பாகல் பந்தலுக்கு வந்தபோதுதான் பார்த்தேன், பையில் பாகற்காய் இல்லை. மேரக்காய் இருந்தது. வெளியூர்க்காரர்கள் சௌசௌ என்பார்களே, அதே.

"பாவக்கா தீந்துபோச்சுங்க. ரெண்டும் பச்சையா, சுருக்கம் சுருக்கமாத்தான இருக்குது?" என்றான் செல்வராஜ்.

"டேய், வர்றவரு காய்கறி வெவசாயம் பண்றவரு!"

"அதாங்க நானும் சொல்றேன். நித்தம் பாக்கற பொருளு, உத்துப் பாக்க மாட்டாருங்க."

அந்த நேரத்தில் அது மிகவும் நியாயமாகப் பட்டது.

பெண்ணின் அப்பா தோளில் துண்டோடும், அம்மா கையில் பூவும் பழமுமாகவும் மேலே வந்தார்கள். அப்பா எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே முதல் சாக்கில் விரலை விட்டார்.

"இது என்னுங்க, பஞ்சா?"

"மில்லுல கழிச்சுப்போட்ட பஞ்சுங்க. மேல பரத்தி வெச்சா வெயிலுக்கு மண்ணு காயாதுங்க" என்றார் சாக்கண்ணன்.

அப்பா தலையாட்டினார். டீத்தூளை முகர்ந்தார். சைக்கிள் டியூப் வாய்க்காலைக் குனிந்து பார்த்தார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பந்தலடியில் போய் நின்றார். நெடுநேரம் நின்றார்.

"ஏனுங்க, இது பாவக்கொடிதானுங்களே?"

"ஆமாங்க."

"இதுல எப்படிங்க மேரக்கா காய்ச்சுது?"

சாக்கண்ணன் நிமிர்ந்து பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி அவர் முகத்தில் சந்தோஷம் பொங்கியது. தன் கொடி இப்படி ஒரு சாதனை செய்துவிட்டதே என்று நம்பியே விட்டார். அதற்குள் அப்பா ஒரு காயைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. லேத் ஓட்டுகிற கை முறுக்கிய கம்பி, சும்மா வருமா? இன்னும் பலமாக இழுத்தார். காய் வரவில்லை, பந்தல் வந்தது. கொடியும் குச்சியும் மேரக்காயும் என் கிழிந்த பனியனுமாக மொத்தமும் அவர் தலைமேல் இறங்கியது.

மேனேஜர் கீழே போன் அடிக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடிப்போனார். லாட்ஜில் போனே கிடையாது.

சாக்கண்ணன் பெண்ணின் அப்பாவை விடுவித்து உட்காரவைத்தார். பிறகு எங்களை ஒரு வார்த்தை சொல்லாமல், ஒவ்வொரு செடியாகப் போய்க் கம்பியை அவிழ்த்து, கட்டிவைத்த காய்களை ஒரு பக்கம் குவித்தார். தன் செடியில் காய்த்ததைப் பறித்து இன்னொரு பக்கம் வைத்தார். அங்கே ஒரு குவியல், இங்கே நாலு சூம்பிய கத்தரிக்காயும் ஒரு கை மிளகாயும்.

"இவ்வளவுதானுங்க நம்முளுது" என்றார். "ஒரு வாரமா இவிங்க ஆரும் குளிக்கலீங்க. அதான் காய்ப்பு இல்லீங்க."

பெண்ணின் அம்மா எங்களைப் பார்த்துவிட்டு மெல்ல இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். செல்வராஜைக் கூப்பிட்டார்.

"ஏஞ்சாமி, எதுக்கு இப்படிப் பண்ணுனீங்க?"

"அண்ணனுக்குக் கல்யாணம் ஆகோணுமுங்க" என்றான் அவன், அழுகிற முகத்தோடு. "எனக்கு அம்மை போட்டப்ப எல்லாரும் ரூம மாத்திட்டுப் போய்ட்டாங்க. இவருதானுங்க வேப்பலையோட பக்கத்துலயே கெடந்தாரு. இந்தச் சம்பந்தத்த அவருக்கு ரொம்பப் புடிச்சிருக்குதுங்க. செடி காஞ்சு போனதுக்காக உட்டுட்டுப் போயிறாதீங்கம்மா."

அந்த அம்மா நாங்கள் கட்டிய குவியலைப் பார்த்தார், சாக்கண்ணனைப் பார்த்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, சொந்தமுமில்ல, பந்தமுமில்ல. இந்தப் பசங்க இவருக்காக விடிஞ்சதும் விடியாததுமா இத்தனை கிறுக்குத்தனம் பண்ணியிருக்குதுங்க. வேறென்ன பாக்கோணும்? அம்மணிய இங்கயே குடுத்துப்போடலாமுங்க."

அப்பா தலையில் சிக்கியிருந்த பாகல் இலையை எடுத்துப் போட்டார். கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் மூன்று மாடி கீழே எட்டிப் பார்த்தார்.

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார். "நம்ம தோட்டத்துக்கு மாசம் தவறாம ஆனை வருது. இங்க ஏறி வராதுல்ல?"

அப்போதுதான் சாக்கண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வைகாசியில் கல்யாணம். துடியலூரில் கொல்லையோடு ஒரு சின்ன வீடு பிடித்தார். டெம்போ கொண்டு வந்து சாக்குகளை எல்லாம் நாங்களே ஏற்றிவிட்டோம். மேனேஜர் கடைசி மிளகாய்ச் செடியை மடியில் வைத்துக்கொண்டு டெம்போவிலேயே துடியலூர் வரைக்கும் போனார்.

மறுநாள் காலை மாடிக்குப் போனேன். மாடி முழுக்கக் காலி. துணி காயப்போட ஏகப்பட்ட இடம் இருந்தது. வாளியோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஈரத் துணியை அறையிலேயே காயப்போட்டுக்கொள்ளலாம் என்று கீழே இறங்கி வந்துவிட்டேன். அறைக்குள் செல்வராஜின் துணிகள் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருந்தன.