பெண்கள் பகுதியில் பற்றவைக்க ஒரு மனு

என் அக்கா பெற்ற செல்வமும், கோபத்தில் என்னை அப்படியே உரித்து வைத்தவளுமான மருமகளுக்கு, கிரில் பட்டறை முதலாளியும் உன் ஒரே தாய்மாமனுமாகிய நான் எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, பட்டறை மூவரும் சுகம். ஜெயிலில் இருப்பவளிடம் சுகமா என்று கேட்டால் வெளியே வந்து உதைப்பாய் என்பதால் கேட்கவில்லை. இதை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் அதிகாரிக்கும் வணக்கம்; கையெழுத்து புரியாத இடங்களில் நல்லதாகவே நினைத்துக்கொள்ளவும்.

"ஆம்பளைங்க பக்கம் வெல்டிங், மோட்டார், பிளம்பிங்னு சொல்லித் தர்றாங்க மாமா, எங்களுக்கு எம்பிராய்டரி மட்டும்தான், ஒரு வருஷமா தலையணை உறையில ரோஜாப்பூ போடறேன், எட்டு மாசத்துல வெளிய வந்தா, மேனேஜர் மண்டையை உடைச்சவளுக்கு ரோஜாப்பூவைப் பாத்து யாரு வேலை தருவா" என்று நீ எழுதியிருந்தாயே, படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்து, உடனே மேலதிகாரிக்கு மனு எழுத உட்கார்ந்துவிட்டேன். எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் ஆழமாகப் படித்தவனாச்சே, வெல்டிங் என்று எழுதினால் அரசாங்கத்துக்கு மரியாதையாக இருக்காதென்று சுத்தத் தமிழில், "சிறைக்குள் ஆண்கள் பல காலமாகப் பற்றவைத்து வருகிறார்கள். பெண்களும் பற்றவைக்கத் துடிக்கிறார்கள். என் மருமகள் தலைமையில் உடனே அனுமதிக்கவும்" என்று எழுதிப் பதிவுத் தபாலில் போட்டேன். போன வாரம் உங்கள் பகுதியில் தீப்பெட்டி தேடித் தலையணையையெல்லாம் கிழித்தார்களாம். என் தமிழுக்கு அவ்வளவு வலிமை.

என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். அத்தைதான் வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வாசலில் நின்றாள். நான் கம்பீரமாக உள்ளே போய்ப் பார்வையாளர்களுக்கான இரும்பு பெஞ்சில் உட்கார, அதன் கால் ஒடிந்து, அதிகாரியம்மா வரும்போது தரையில் கிடந்தேன். அவங்க மனுவைக் காட்டி, "எதைய்யா பத்த வைக்கப் போறீங்க?" என்றாங்க. "இரும்பைங்கம்மா" என்றேன். "இரும்பு எரியுமா?" என்றாங்க. அப்புறம் எல்லாம் விளக்கினதும் சிரிப்பை அடக்கிக்கிட்டு, "வெல்டிங் பொம்பளைங்களுக்கு எதுக்கு, கண்ணு கெட்டுடும்" என்றாங்க. விடுவேனா? "ஆம்பளைங்க கண்ணு என்ன கடையில வாங்கி மாட்டினதா? ராத்திரி பகலா ஊசியில நூல் கோத்தா மட்டும் கண்ணு தெளியுதா?" என்று மேசையில் ஒரு தட்டுத் தட்டினேன். டம்ளர் கவிழ்ந்து மனு நனைந்தது. அந்தம்மா அசரவே இல்லை. "பெண்கள் பகுதிக்குள்ள பெண் ஆசிரியர்தான் வரலாம், அது விதி. வெல்டிங் தெரிஞ்ச ஒரு பொம்பளையைக் காட்டுங்க, திங்கக்கிழமையே வகுப்பு தொடங்கறேன். இல்லேன்னா ரோஜாப்பூதான்" என்று எழுந்துட்டாங்க.

மருமகளே, நான் தலையைச் சொறிந்துகொண்டு வாசலை எட்டிப் பார்த்தேன். கடைசியில், "ஒருத்தி வாசல்ல நிக்கிறாங்கம்மா" என்றேன். அத்தை வந்தாள். பெஞ்சைப் புரட்டிப் பார்த்து, "எவன் போட்ட ஒட்டுங்க இது, பல்லால கடிச்சா வந்துடும்" என்றாள். ஆண்கள் பட்டறைக்குக் கூட்டிப்போனாங்க. அங்கிருந்த வாத்தியாரே தள்ளி நின்று பார்த்தார். கால் மணியில், ஒடிந்த காலை அத்தை ஒட்டிய பெஞ்சு வந்தது. அதிகாரியம்மா தானே உட்கார்ந்து ஆடிப் பார்த்து, "எத்தனை பேருக்குச் சொல்லித் தருவீங்க?" என்று கேட்க, அத்தை, "வர்ற அத்தனை பேருக்கும்" என்றாள். எல்லாம் நான் பழக்கிய கை!

திங்கள் காலை பத்து மணிக்கு வகுப்பு. பன்னிரண்டு பேரில் முதல் பெயர் உன்னுடையது. தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொள், கண்ணாடி மாட்டாமல் பொறியைப் பார்க்காதே, அத்தையை எதிர்த்துப் பேசாதே. நீயும் உன் தோழிகளும் உள்ளே ஊசியை விட்டு வெளியே உலகத்தை ஒட்ட வரவேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
உன் தாய்மாமன்.

பி.கு.: ஆசிரியருக்கு அனுபவச் சான்று வேண்டும், பட்டறை முதலாளி கைப்பட எழுதித் தரணும் என்றார்கள். பொய் எழுதினால் நானும் உன் பக்கத்து ஜெயிலுக்கு வரவேண்டியிருக்குமாம். ஆகையால், "இருபத்திரண்டு வருடமாக என் பட்டறையில் ஒவ்வோர் ஒட்டும் போட்டது என் மனைவிதான். எனக்குப் பொறியைக் கண்டால் பயம். நான் விலை பேசுவேன், பெயின்ட் அடிப்பேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கண் கெடும் பேச்சு காதில் விழுந்ததும் வாசலிலிருந்து உள்ளே வந்து மேசையைத் தட்டிவிட்டுப் போனதும் அவள்தான். டம்ளரைக் கவிழ்த்தது மட்டும் நான். வகுப்பில் அத்தை என்னைப் பற்றி ஏதாவது சொன்னால், தயவுசெய்து நம்பிவிடு.