மதிலுக்கு அந்தப் பக்கத்து ஏசி

தியாகராசா கொக்கத்தடியால் இழுத்த இழுப்பில், காய்ந்த தென்னோலை அவரது வளவுக்குள் விழவில்லை. மதிலைத் தாண்டிப் போய், சிவகடாட்சத்தின் வீட்டுப் பின்சுவரில் பூட்டியிருந்த ஏசியின் வெளிப்பெட்டியை அடிமட்டையால் இடித்துவிட்டுக் கீழே விழுந்தது.

அவர் தடியை மரத்தில் சாத்திவிட்டு, ஏணியை மதிலோடு வைத்து ஏறி எட்டிப் பார்த்தார். பெட்டியின் பக்கவாட்டில் நெருக்கமாக நின்ற மெல்லிய அலுமினியத் தகடுகள் ஓர் உள்ளங்கை அளவுக்கு மடிந்து படுத்துக் கிடந்தன.

"என்ன விழுந்தது?" என்று கேட்டபடி மனைவி பூரணம் குசினியிலிருந்து வந்தார்.

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததுக்கு ஏன் ஏணியிலை நிக்கிறியள்?"

சிவகடாட்சம் தியாகராசாவின் ஒன்றுவிட்ட தம்பி. பதினொரு வருடங்களுக்கு முன் இந்த மதிலைக் கட்டும்போது ஒரு சாண் நிலத்தால் வந்த பிரச்சினையில் இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். யார் முதலில் வாய் திறக்கிறாரோ அவர் அந்தச் சாண் நிலத்தையும் விட்டுக்கொடுத்தவர் ஆவார். இதை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கரவெட்டியில் அந்த ஒழுங்கையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

தவிர்க்கமுடியாத செய்தி ஏதும் இருந்தால் மாட்டைப் பார்த்துச் சொல்வார்கள். "லட்சுமி, சிலபேற்றை வாய்க்கால் அடைச்சுக் கிடக்கு" என்று தியாகராசா தன் பசுவிடம் சொன்னால், அடுத்த நாள் சிவகடாட்சத்தின் வாய்க்கால் துப்புரவாக இருக்கும். ஆனால் உடைத்த பொருளுக்கு மாட்டிடம் வருத்தம் தெரிவிக்க முடியாது. அதற்கு நேரே போய் வாசலில் நிற்கவேண்டும். தியாகராசாவின் பரம்பரையில் அப்படிப் போய் நின்றவர் எவருமில்லை.

ஏசி விடயத்திலும் இரு வீடுகளும் சமமாகவே இருந்தன. சிவகடாட்சத்தின் மகள் லண்டனிலிருந்து பணம் அனுப்பி ஏசி பூட்டுவித்த பத்தாம் நாள், தியாகராசாவின் மகன் கஜீபன் ரொறன்ரோவிலிருந்து அனுப்பி இங்கேயும் பூட்டுவித்தான். அதைப் போட்டி என்று யாரும் சொல்லவில்லை.

"அவையள் சாவகச்சேரிக்குக் கலியாணவீட்டுக்குப் போட்டினம். வந்தவுடனை ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோவன்" என்றார் பூரணம்.

"ஆர், நான்? உவனுக்கு?"

"உங்கடை தடிதானே இடிச்சது."

"இடிச்சது தடியில்லை. மட்டை."

"மட்டை ஆற்றை மரத்திலை நிண்டது?"

"எத்தினை மணிக்கு வருவினமாம்?" என்று கேட்டார் தியாகராசா.

"மூண்டு மணி செல்லுமெண்டு முன்வீட்டு மகாதேவி சொன்னவ."

மணி பத்தரை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் முகாமையாளராக இருந்தவருக்கு ஒரு தகட்டை நிமிர்த்த நாலரை மணித்தியாலம் அதிகம். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மதிலைக் கடந்து, அந்தப் பக்கம் இருந்த தண்ணீர்த் தொட்டியில் கால் வைத்து இறங்கினார். முதலில் தென்னோலையைத் தூக்கித் தன் வளவுக்குள் எறிந்தார்.

"பூரணம், ஒரு முள்ளுக்கரண்டி தா."

"கஜீபன் கொண்டுவந்த செட்டிலையோ?"

"ஏதோ ஒண்டு. கெதியாய்த் தா."

முள்ளுக்கரண்டியால் மூன்று தகடுகள் நிமிர்ந்தன. நாலாவது கிழிந்தது. ஐந்தாவதைக் கவனமாக எடுக்க நினைத்து, இடது முழங்கையைப் பெட்டியில் ஊன்றிக் குனிந்தார். நிமிர்ந்து பார்த்தபோது முழங்கை இருந்த இடத்தில் முழங்கை அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. அந்தத் தகடுகள் சிகரட் பெட்டித் தாளைப் போல, தொட்டாலே மடங்கின.

"இப்ப எப்பிடி?" என்று மதிலுக்கு மேலால் பூரணத்தின் தலை கேட்டது.

"பேன் சீப்பு வச்சிருக்கிறியே?"

"உங்களுக்கு மயிர் எங்கை கிடக்கு?"

"எனக்கில்லை."

சீப்பு நன்றாகத்தான் போனது. ஒரு சாண் தூரம் தகடுகள் வகிடு எடுத்ததுபோல் நேராக வந்தன. தியாகராசாவின் முகத்தில் முதன்முறையாகத் தெளிவு வந்தது. அந்தத் தெளிவில் அவர் கொஞ்சம் அழுத்தினார். 'டக்' என்று இரண்டு பற்கள் முறிந்து தகடுகளுக்கு உள்ளே போய்விட்டன.

பெட்டிக்குள் பேன் சீப்பின் பல் இருப்பதற்கு எந்தக் காற்றையும் மரத்தையும் காரணம் சொல்ல முடியாது.

"கார் கழுவுற மோட்டரைப் போட்டு, குழாயை இஞ்சாலை விடு."

"மெதுவாய்ப் போடவோ?"

"மெதுவாய்ப் போட்டால் பல்லு வெளியாலை வராது."

பற்கள் வெளியே வந்தன. ஆனால் தண்ணீர் பட்ட பக்கமெல்லாம் தகடுகள் புயலடித்த நெல்வயல் போலப் படுத்துவிட்டன. உள்ளங்கையளவாகத் தொடங்கியது இப்போது பெட்டியின் ஒரு பக்கம் முழுவதும் இருந்தது.

"பூரணம்."

"ஓம்."

"உந்த ஏசி பூட்டின குருநகர் ஜெயசுதன்ரை நம்பர் எங்கை கிடக்கு?"

இரண்டு வீட்டு ஏசியையும் பூட்டியவன் ஜெயசுதன்தான். போனில் தியாகராசா குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

"உன்ரை வான் கதவிலை பேர் எழுதியிருக்கெல்லே. அதைப் பிள்ளையார் கோயிலடியிலை விட்டிட்டு நடந்து வா. கையிலை சாமான் தெரியக்கூடாது."

ஜெயசுதன் ஏன் என்று கேட்கவில்லை. "ஓம் ஐயா. உரப்பையிலை போட்டுக்கொண்டு வாறன்" என்றான்.

அவன் வந்தபோது ஒரு மணி ஆகிவிட்டது. ஏணியில் ஏறி, மறுபக்கம் எங்கே கால் வைப்பது என்று கேட்காமலே தொட்டியில் இறங்கினான். பெட்டியின் முன் குந்தியிருந்து கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஆர் ஐயா இதுக்குத் தண்ணி அடிச்சது?"

"உள்ளுக்குப் பல்லு நிண்டது."

"பல்லோ?"

"நீ வேலையைப் பார்."

ஜெயசுதன் உரப்பைக்குள்ளிருந்து இதற்கென்றே செய்த ஒரு சின்னச் சீப்பை எடுத்தான். நன்றாக இருந்த தகடுகளில் அதன் பற்களைப் பொருத்தி, அங்கிருந்து படுத்துக் கிடந்த பக்கத்துக்கு மெல்ல இழுத்தான். தகடுகள் வரிசையாக எழுந்து நின்றன. தியாகராசா உதவிக்குக் கையை நீட்டினார்.

"கை வையாதையுங்கோ ஐயா. நீங்கள் சும்மா நிண்டாலே பெரிய உதவி."

அதுவரை ஒருவரும் தியாகராசாவிடம் இப்படிச் சொன்னதில்லை. அவர் பொறுத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, ஒழுங்கையில் வான் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மதிலுக்கு மேலே பூரணத்தின் தலை தெரிந்தது.

"இஞ்சருங்கோ, வந்திட்டினம்."

"மூண்டு மணியெண்டாய்."

"மகாதேவி சொன்னது. நானே சொன்னனான்?"

ஏணிக்குப் போக நேரமில்லை. தொட்டியில் ஏறினால் யன்னலுக்கு நேரே தலை தெரியும். இருவரும் பெட்டிக்குக் கீழே குந்தினார்கள். முன்கதவு திறந்தது. பேச்சுச் சத்தமும் சேலைச் சரசரப்பும் உள்ளே வந்தன. பிறகு யாரோ ஏசியைப் போட்டார்கள்.

பெட்டி உறுமியது. விசிறி சுற்றத் தொடங்கி, கொதிக்கிற காற்று தியாகராசாவின் தலையில் அடித்தது.

"எவ்வளவு மிச்சம்?" என்று அவர் வாய்க்குள் கேட்டார்.

"நாலு விரல் கிடக்கு."

"ஓடேக்கை செய்யலாமோ?"

"செய்யலாம். கை ஆடாமல் இருந்தால் சரி."

"அப்ப ஏன் ஆட்டுறாய்?"

"நான் ஆட்டேல்லை ஐயா. நீங்கள் என்ரை தோளைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறியள்."

அப்போது பின்கதவுத் தாழ்ப்பாள் விலகியது. சிவகடாட்சம் பட்டு வேட்டியோடு கால் கழுவ வெளியே வந்தார். பைப்படிக்குப் போக அவர் நாலு அடி வைக்கவேண்டும். இரண்டாவது அடியிலேயே, சாரத்தை மடித்துக் கட்டித் தன் வீட்டுக் கோடிக்குள் குந்தியிருக்கும் தமையன் தெரிவார்.

தியாகராசா கண்ணை மூடினார். பதினொரு வருடத்துக்குப் பிறகு தான் சொல்லப்போகும் முதல் சொல் என்னவாக இருக்கவேண்டும் என்று யோசித்தார். 'தம்பி' என்பது தோல்வி. 'சிவகடாட்சம்' என்பது அதைவிடத் தோல்வி. சிவகடாட்சம் முதல் அடியை வைத்தார்.

"லட்சுமி," என்று மதிலுக்கு அப்பால் பூரணத்தின் குரல் எழுந்தது, "சிலபேர் முன்கேற்றைத் திறந்து போட்டிட்டுப் போட்டினம். ரெண்டு ஆடு உள்ளட்டுக் குறோட்டன் செடியைத் தின்னுது."

சிவகடாட்சம் நின்றார். மதிலைப் பார்த்து ஒரு தரம் செருமினார். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் விரைந்தார்.

அந்த நாலு விரலையும் ஜெயசுதன் எப்படி முடித்தான் என்பதைத் தியாகராசா பார்க்கவில்லை. அதற்குள் அவர் மதிலில் ஏறியிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் முகம் கழுவி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, விறாந்தைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தபோது அவர் பழையபடி தியாகராசாவாக இருந்தார். மதிலுக்கு அப்பால் சிவகடாட்சத்தின் ஏசி சீராக ஓடும் சத்தம் கேட்டது. பூரணம் ஜெயசுதனுக்குப் பிளேன்ரீ கொண்டுவந்து கொடுத்தார்.

"ஜெயசுதன், வடிவாய்க் கேள்" என்றார் தியாகராசா. "இண்டைக்கு இஞ்சை நடந்தது உன்ரை வாயாலை ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது. எங்கடை பரம்பரை மரியாதை இப்ப உன்ரை கையிலை கிடக்கு. சத்தியம் பண்ணித் தா."

ஜெயசுதன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் நீட்டிய உள்ளங்கையில் தன் கையை அழுத்தி வைத்தான்.

"பயப்பிடாதையுங்கோ ஐயா, போன மாசம் நீங்கள் இல்லாத நேரம் உங்கடை முருங்கைக்காயைக் களவாய் ஆயப்போய், தடி தவறி உங்கடை ஏசியை நெளிச்சுப்போட்டு, இதே மதிலாலை என்னை இறக்கின சிவகடாட்சம் ஐயாவுக்கும் நான் இப்பிடித்தான் கையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்தனான்."