விளக்கை எரியவைப்பவருக்கே அறை

இந்நிகழ்ச்சியைச் சொல்லத் தொடங்குமுன் வாசகர் சில செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். இணைய இணைப்பு வழங்கும் நிறுவனம், தன்னிடமே மோடம் வாங்குபவரின் வீட்டுக்கு ஆள் அனுப்பும். கடையில் சொந்த மோடம் வாங்கியவரின் வீட்டுக்கு அனுப்பாது. சொந்த மோடக்காரர் அதன் அடிப்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதியாதவரை, மோடத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் அதன் இன்டர்நெட் விளக்கு சிவப்பாகவே இருக்கும். இதை நீங்கள் அறிவீர்கள். நம் கதைநாயகர் அறியார். எவரிடமும் எதையும் கேட்பதில்லை என்பது அவருடைய கொள்கை.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைச் சட்டத்தில் பொருத்துபவர். கடையில் அவர் கை தவறியதே இல்லை. வீட்டிலோ, மிக்ஸியைப் பழுதுபார்த்து அதன் மூடியைக் கூரைவரை பறக்கவிட்ட நாள்முதல், மனைவிவழி உறவினர் அனைவரும் அவரை ‘நிபுணர்’ என்றே அழைத்து வந்தனர். அதிலிருந்த கேலி எல்லார் காதிலும் விழுந்தது. அவர் காதில் மட்டும் பட்டமாக விழுந்தது.

வீட்டில் ஒரு பக்க அறை இருந்தது. ‘இருந்தது’ என்பது ஒரு பேச்சுக்குத்தான். இரும்பு பீரோவும், கால் ஒடிந்த நாற்காலிகளும், எதற்கென்று எவருக்கும் நினைவில்லாத அட்டைப்பெட்டிகளும் அதனை முழுமையாக ஆண்டுகொண்டிருந்தன. மனைவி அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுப்பவர். அவருடைய தையல் மெஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்தது. குளிக்கப் போகிறவர்கள் அவர் தோளை இடிக்காமல் போக முடியாது. பக்க அறையைக் காலி செய்து தரும்படி அவர் கேட்காத நாளில்லை. நிபுணரும், “ஞாயித்துக்கிழமை பாக்கலாம்” என்று சொல்லாத நாளில்லை.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நிபுணர், கடையில் தாமே வாங்கிவந்த மோடப் பெட்டியை மார்போடு அணைத்தபடி, கூடத்தின் நடுவே நின்று பிரகடனம் செய்தார்.

“இந்தா, கேட்டுக்கோ. மோடத்தை நானே வைக்கப் போறேன். பக்க ரூம்லதான் ஒயர் வருது, அங்கதான் வைக்கப் போறேன். மோடம் இருக்கிற ரூம் இனிமே என் ரூம்.”

“ஏங்க, அந்த ரூமை நான் எத்தனை வருஷமா கேக்கறேன்?”

“தையல் மெஷினுக்கு இன்டர்நெட் எதுக்கு?”

“உங்களுக்கு எதுக்கு?”

கதவைச் சாத்திக்கொண்டு, படுத்தபடியே பழைய மல்யுத்தப் போட்டிகளைப் பார்ப்பதற்கு என்ற உண்மையை வெளியே சொல்ல முடியாது. நிபுணர் மோடப் பெட்டியின் மேலிருந்த படத்தைக் கூர்ந்து பார்த்தார்.

“சரி, சண்டை வேண்டாம்” என்றார் மனைவி. “அந்த விளக்கை யாரு பச்சையா எரிய வைக்கிறாங்களோ, ரூம் அவங்களுக்கு. சம்மதமா?”

நிபுணர் சிரித்த சிரிப்பில் பெட்டி குலுங்கியது. “உன்னால இந்த அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்க முடியாது.”

“அதனாலதான் கேக்கறேன். சம்மதமா?”

“சம்மதம்! ஆயிரம் தடவை சம்மதம்!”

“ஒரு தடவை போதுங்க.”

நிபுணர் பெட்டியைப் பிரித்தார், ஸ்க்ரூ டிரைவரைத் தேடி வீடெல்லாம் அலைந்தார், ஒயரை முறுக்கினார், பிளக்கைச் செருகினார். விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. எல்லாம் பச்சை. கடைசி விளக்கு மட்டும் சிவப்பு.

“சிவப்பா இருக்கே?”

“சூடாகணும்.”

சற்று நேரம் கழித்து மனைவி மறுபடியும் எட்டிப் பார்த்தார். “இன்னும் சூடாகலையா?”

“ஏம்மா, இது என்ன அடுப்பா?”

“எனக்கு என்னங்க தெரியும்? பக்கத்துலயே இவ்வளோ பெரிய இரும்பு பீரோ நிக்குதே, அது ஒண்ணும் பண்ணாதா?”

நிபுணரின் நெற்றி சுருங்கியது, பிறகு மலர்ந்தது. “நானே சொல்லணும்னு இருந்தேன். இரும்பு அலையை இழுத்துக்கும். பீரோதான் காரணம்.”

“பீரோவைப் படுக்கையறையில, ஜன்னலுக்கு எதிர்ச் சுவத்துல வெச்சா அலைக்குச் சரியா இருக்குமா?”

“அந்த இடத்தைத் தவிர வேற எங்க வெச்சாலும் தப்பு.”

அவர்கள் குடிவந்த நாள்முதல் பூகம்பம் தவிர எதற்கும் அசையேன் என்று நின்ற பீரோ அது. நிபுணர் அதைத் தோளால் தள்ளினார், முதுகால் தள்ளினார், ஒரு கட்டத்தில் தலையாலும் தள்ளினார். பீரோ போய்ச் சேர்ந்தது. விளக்கு சிவப்பு.

“அந்த உடைஞ்ச நாற்காலிங்க?” என்றார் மனைவி, மெதுவாக.

“ஆணி! அத்தனையும் ஆணி!” என்று கூவிய நிபுணர் நாற்காலிகளைப் பழைய சாமான் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அட்டைப்பெட்டிகள் பின்தொடர்ந்தன. விளக்கு சிவப்பு.

“தூசி கீசி...”

பெருக்கினார். ஒட்டடை அடித்தார். தரையைத் துடைத்தார்.

“ஜன்னல் கண்ணாடி கறுத்துப்போய் இருக்கே. அது பரவாயில்லையா?”

கண்ணாடி என்ற சொல் தொழில்மானத்தைத் தொட்டுவிட்டது. வாடிக்கையாளரின் வில்லையைத் துடைப்பதுபோல் ஜன்னலைத் துடைத்துப் பளபளக்கச் செய்தார். அறைக்குள் வெயில் வந்து விழுந்தது. மனைவி வாசலில் நின்று நான்கு மூலைகளையும் நிதானமாகப் பார்த்தார்.

“வெளிச்சம் ஊசி கோக்கற அளவுக்கு இருக்குங்க” என்றார். “போய் முகம் கழுவிட்டு வாங்க. டீ போடறேன்.”

நிபுணர் முகத்தைத் துடைத்தபடி திரும்பினார். விளக்கு பச்சை.

“பாத்தியா! பாத்தியா! கண்ணாடிதான்! நான் அப்பவே நெனச்சேன்!” என்று துள்ளியவர், ஒரே ஓட்டமாகப் போய்த் தம் தலையணையைக் கொண்டுவந்து அறையின் நடுவே நாட்டினார். வெற்றிக்கொடி நாட்டுகிறவர்கள்கூட அவ்வளவு அழுத்தமாக நாட்டமாட்டார்கள்.

அப்போது அவருடைய கைபேசி ஒலித்தது. நிறுவனத்திலிருந்து ஒரு பெண்.

“சார், கனெக்‌ஷன் வந்திடுச்சா?”

“வராம? நானே வெச்சேனே!”

“ரொம்ப சந்தோஷம் சார். மேடம் காலையிலேயே கூப்பிட்டு மோடம் நம்பர் கொடுத்துட்டாங்க. உடனே ஆன் பண்றோம்னு சொன்னோம். ‘வேண்டாம்மா, வீட்டுல கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு, முடிஞ்சதும் சொல்றேன்’னாங்க. இப்பத்தான் சொன்னாங்க. பதியாம அந்த விளக்கு பச்சையா எரியாது சார்.”

நிபுணர் கைபேசியை இறக்கினார். மனைவி டீயுடன் நின்றுகொண்டிருந்தார்.

“நம்பரை எப்ப பாத்தே?”

“நீங்க ஸ்க்ரூ டிரைவர் தேடிட்டு இருந்தப்ப. அது உங்க கையிலயே இருந்தது.”

“நம்பர் கொடுக்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“அவங்களைக் கேட்டேன். கேட்டா சொல்றாங்க.”

“அப்ப, இரும்பு அலையை இழுக்கும்னு சொன்னது?”

“நீங்கதான் சொன்னீங்க. நான் கேள்விதானே கேட்டேன்?”

நிபுணர் காலைமுதல் நடந்த உரையாடல் முழுவதையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். மனைவி சொன்னவற்றில் பொய்யென்று காட்ட ஒரு சொல்லும் அகப்படவில்லை. டீ நன்றாக இருந்தது. தலையணையை எடுத்துக்கொண்டு, தையல் மெஷினின் ஒரு முனையைத் தூக்கப் போனார்.

பின்னர் முடிவான செய்திகள் வருமாறு. பக்க அறை மனைவியுடையது. மெஷின் ஜன்னலோரம் இருக்கும். பீரோ இனி எக்காரணத்துக்காகவும் நகராது. நகர்த்த நிபுணரின் முதுகு இடந்தராது. மல்யுத்தம் பார்க்க விரும்பினால் அவர் மெஷினுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காரலாம். அங்கே காற்றும் வருகிறது, மனைவி தமக்குப் போட்டுக்கொள்ளும் டீயில் பாதியும் வருகிறது என்பதால் அவருக்கு இதில் குறையொன்றுமில்லை. மோடம் அவருடையதே என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆகவே, தைக்கும்போது அதன்மேல் பறந்து வந்து படியும் நூல் பிசிறுகளை நாள்தோறும் துடைக்கும் உரிமை முழுவதும் அவருக்கே வழங்கப்பட்டது.